அவ கேட்டது எனக்கு

ஒரு ஊர்ல ஒரு மூத்த மருமக இருந்தா. எந்த ஊரா? ராயபுரம்தான். பேரு எமல்டா. இந்தா, குறுக்கக் கேள்வி கேட்டா பெரியம்மா கதைய நிறுத்திடுவேன். ம் மட்டும் கொட்டு.

எமல்டாவுக்கு மாமியார் சவரியம்மான்னா உசுரு. மாமியாரும் மீன் கொழம்புல தலைய அவ தட்டுலதான் வைப்பாங்க. அப்புறம் சின்ன மருமக ஜெனோவா வந்தாளா, தலை அந்தத் தட்டுக்குப் போயிடுச்சு! எமல்டாவுக்கு வயிறு திகுதிகுன்னு எரிஞ்சுது. எரியாதா பின்ன? சொல்ற எனக்கே எரியுது.

அப்போ தவக்காலம் வந்துச்சு. மாமியார் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "பட்டணத்துல பழைய மாதா கோயில் மூணுக்கும் போவோம்டி. மொத மொதல்ல ஒரு கோயிலுக்குள்ள கால் வச்சா, ஒண்ணு கேளுங்க, கெடைக்கும். ரெண்டாந்தடவ போனா கெடைக்காது"ன்னாங்க. ரெண்டு பேரும் தூத்துக்குடிப் பொண்ணுங்க, அந்தக் கோயில் எதையும் பார்த்ததில்ல. 'மாமியார் எனக்கே வேணும்னு கேக்கணும்'னு எமல்டா முடிவு பண்ணிட்டா.

ம்?

மொதல்ல லஸ் மாதா கோயில், காட்டுக் கோயில்னு சொல்லுவாங்களே, அது. எமல்டா முட்டி போட்டா. பக்கத்துல ஜெனோவா முணுமுணு முணுமுணுன்னு என்னவோ வேண்டுறா. 'என்னத்தக் கேக்குறா?'ன்னு இவ காதைத் தீட்டிக்கிட்டு அவ வாயவே பார்த்தா. "ஆட்டோ நிக்குது, வாங்கடி"ன்னாங்க மாமியார். அடக் கடவுளே, கேக்க மறந்துட்டா!

அப்புறம் சாந்தோம். அங்க ஜெனோவா கண்ணத் தொடச்சுத் தொடச்சுக் கேக்குறா. 'அழுது வேற கேக்குறாளே, மாமியாரையே எழுதி வாங்குறாளோ?'ன்னு இவ கணக்குப் போட்டா. அதுவும் போச்சு.

கடைசியா பரங்கிமலை. அத்தன படியும் தடதடதடன்னு ஏறி எமல்டா மொதல்ல உள்ள பூந்தா. மூச்சு வாங்குறதுக்குள்ள ஜெனோவாவும் வந்து, ரெண்டு கையையும் விரிச்சு, கண்ண மூடிட்டா. பாவி எமல்டாவுக்குத் தாங்கல. "சாமி! இவ என்ன கேட்டாளோ அத எனக்குக் குடு. இவளுக்குக் குடுத்துடாத!"ன்னுட்டா.

ம் கொட்டுடி. தூங்கிட்டியா? சரி.

ஈஸ்டர் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல. எமல்டா புருஷனுக்கு ஓசூருக்கு மாத்தல் வந்துச்சு. கம்பெனியே வீடு குடுத்துச்சு. தனி வீடு, தனி அடுப்பு. எமல்டா மாமியாரக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. "புருஷன் இருக்குற எடத்துலதானடி இருக்கணும்"னு மாமியாரும் அழுதுக்கிட்டே பஸ் ஏத்தி விட்டாங்க.

புது வீட்டுல சத்தமே இல்ல. மாமியார் இருமுற சத்தத்துக்குக்கூட அவ ஏங்கிப் போயிட்டா.

அப்போ ஒரு நாள் சாயங்காலம் போன் அடிச்சுது, டிரிங் டிரிங். ஜெனோவா.

"அக்கா, நீங்க குடுத்து வச்சவங்க. தனிக்குடித்தனம் வேணும், இந்த வீட்ட விட்டு நான் போகணும்னு மூணு கோயில்லயும் முட்டி தேயக் கேட்டேன்க்கா. எனக்கு இல்ல, உங்களுக்குக் கெடைச்சிருக்கு. எனக்கு வயிறு எரியுதுக்கா!"

எமல்டாவுக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. பொலபொலன்னு கண்ணுல தண்ணி. ஆனா உண்மையச் சொன்னாளா? அவளா சொல்லுவா! முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டு, "ஆமாடி, ராணி மாதிரி இருக்கேன். எல்லாத்துக்கும் குடுப்பினை வேணும்"னா.

அவ்ளோதான், கதை ஓசூர் போயிடுச்சு. சிலுவ போட்டுக்கிட்டுக் கண்ண மூடு.