விளக்குக்கு ஒரு மாடம்

வீடு வாங்கப் போகிறவர்களும் கேளுங்கள், வாங்கிவிட்டு விழிப்பவர்களும் கேளுங்கள். கடற்கரை உப்பை வண்டியில் ஏற்றி மலைநாடு வரை கொண்டுபோய் விற்ற காலத்தில், ஆதன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். அவன் மனைவி பெயர் வெண்ணி. வண்டிதான் அவர்களுக்கு வீடு. சமைப்பது வண்டி ஓரத்தில், உறங்குவது வண்டிக்கு அடியில்.

வெண்ணியிடம் ஒரு மாடவிளக்கு இருந்தது. அவள் அம்மா கொடுத்த சின்ன மண்விளக்கு. விளக்கு இருந்தது, வைக்க மாடம் இல்லை. மாடம் இருக்கச் சுவர் இல்லை. வண்டியில் ஏற்றினால் ஆட்டத்தில் அணைந்துவிடும். அந்தி நேரத்தில் ஊர்களைக் கடக்கும்போது, பிறர் வீட்டு மாடத்தில் எரியும் சுடரைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம்.

பன்னிரண்டு ஆண்டு அலைந்த பின், நெடுங்கரை என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்பவன் கூத்தன். வாசலுக்கு வலப்பக்கம் ஒரு மாடம் இருந்தது. வெண்ணி தன் விளக்கை அதில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஊரில் வீடு வாங்க ஒரு முறை உண்டு. முதலில் அண்டை வீட்டாரோடு நான்கு எல்லையையும் சுற்றி நடக்க வேண்டும். அடுத்து மூன்று நாள் பறையறைந்து, "இந்த வீட்டில் யாருக்காவது உரிமை உண்டா?" என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் ஓலை எழுதலாம். மூன்றாம் நாள் கடைசி அடி விழுந்துவிட்டால், பிறகு யார் வந்து கேட்டாலும் செல்லாது.

"இதெல்லாம் எதுக்கு? இன்னிக்கே ஓலை எழுதிடலாம்" என்றான் கூத்தன்.

ஆதனும் தலையாட்டினான். மழை வரப்போகிறது, உப்பு கரைந்துவிடும், அவன் கவலை அவனுக்கு. வெண்ணிதான் விடவில்லை.

"உப்பையே நக்கிப் பார்த்துத்தானே வாங்குறோம். வீட்டை அப்படியே வாங்கலாமா?" என்றாள்.

எல்லையைச் சுற்றினார்கள். கிழக்கே வேலி சரியாக இருந்தது, வடக்கே ஆறு. கிணற்றுக்குப் போகும் பாதை பொது என்றார் தெற்கு வீட்டுக்காரர், ஒப்புக்கொண்டார்கள். மேற்கு வீட்டுக்காரி மட்டும் தயங்கினாள்.

"கூத்தனுக்கு ஒரு தங்கச்சி உண்டு. பேரு நங்கை. அப்பா ரெண்டு பேருக்கும்தான் வீட்டைக் கொடுத்துட்டுப் போனாரு. அவளை அக்கரையில கட்டிக் கொடுத்திருக்கு."

"அவ வரமாட்டா" என்றான் கூத்தன்.

முதல் நாள் பறை ஒலித்தது, யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒலித்தது, யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் பறைக்காரர் கடைசி அடிக்குக் கோலை ஓங்கினார்.

அப்போது வெண்ணி ஆற்றைப் பார்த்தாள். காத தூரத்தில் எழும் புழுதியையும் கண்டுகொள்ளும் வழிப்போக்குக் கண் அவளுக்கு. அக்கரையிலிருந்து ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு தண்ணீரில் இறங்கி, கையை ஆட்டிக்கொண்டே வந்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. கூத்தன் ஓலையோடு நின்றான். ஆதன் எழுத்தாணியோடு நின்றான்.

வெண்ணி மாடத்தைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும், ஒரே ஓர் அடி, வீடு அவளுடையது. உண்மையைச் சொல்கிறேன், அவள் கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தாள். பிறகு ஓடிப்போய்ப் பறைக்கோலைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! வீட்டுக்கு உரியவ வந்துக்கிட்டிருக்கா."

நங்கை ஈரச் சேலையோடு வந்து நின்றாள். கணவனை இழந்தவள், போக வேறிடம் இல்லாதவள். "அண்ணே, என் பங்கு எனக்கு வேணும்" என்றாள். கூத்தன் தரையைப் பார்த்தான்.

ஊர் கூடி வீட்டை இரண்டாக்கியது. நங்கை முன்பாதியைக் கேட்டாள், அவள் அம்மா விளக்கேற்றிய மாடம் அங்கேதான் இருந்தது. கூத்தனின் பின்பாதியை ஆதன் வாங்கினான். மறுபடி மூன்று நாள் பறை ஒலித்தது. இம்முறை நங்கையே முன்வந்து, "எனக்குச் சம்மதம்" என்றாள்.

ஆனால் பின்பாதியில் மாடம் இல்லை. வெண்ணி விளக்கைத் துணியில் சுற்றி மூலையில் வைத்தாள். அதைப் பார்த்த ஆதன், அன்று அவசரப்பட்டது தான்தான் என்று வெட்கி, உளியை எடுத்தான். பகல் முழுதும் சுவரைக் குடைந்தான். மாடம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நங்கை தன் மாடத்து நெருப்பைக் கையால் மறைத்து எடுத்து வந்து வெண்ணியின் திரியில் வைத்தாள். பன்னிரண்டு ஆண்டு ஆடி ஆடி அணைந்த சுடர் அன்று ஆடாமல் நின்றது. வெண்ணி அதன் எதிரே உட்கார்ந்தாள், விடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.

ஆகவே நினைவில் வையுங்கள்: ஒரு வீட்டில் யார் யாருக்கு உரிமை உண்டு என்று பொறுமையாக விசாரித்து, அவர்கள் எல்லோரும் மனமொப்பித் தந்த பிறகே அது நம் வீடாகும்.