வேற்று உலகத்து விருந்தாளிக்கு ஒரு சட்டை

இதை எனக்கு முதலில் சொன்னது மாவு மில் தேவானையக்கா. என் மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருந்த மாசி மாதம், பிள்ளையைப் பார்க்க வந்த அன்று சொன்னாள்.

ஒரு மடம். அதை நடத்தியவர் மங்களத்தம்மாள். அவரை விட மூத்தவர் சீடர் சொக்கலிங்கம். முன்னே டெய்லர் கடை வைத்திருந்தவர். மடத்துத் தையலெல்லாம் அவர்தான். வெள்ளிக்கிழமை தோறும் வாசல் மரத்தடி அம்மனுக்குத் துணி சுற்றுவதும் அவர்தான்.

ஒருநாள் வந்து நின்றார். உட்காரவில்லை.

“அம்மா, வேற உலகத்துல அறிவுள்ள உயிர் இருந்தா, நம்மள மாதிரியே கை கால் இருக்குமா?”

“இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“கும்பிடக் கண்ணை மூடினா எனக்கு ஒரு முகம் வரும்மா. அதோடதான் பேசுவேன். அவங்களுக்கு முகமே இல்லேன்னா, அவங்களப் படைச்ச சாமிக்கு மட்டும் முகம் இருக்குமா? வேற உலகத்துல உயிர் இருக்கலாம்னு பேப்பர்ல படிச்சதுலேருந்து என்னால கும்பிட முடியல.”

அம்மாள் யோசித்தார்.

“பௌர்ணமிக்கு அவங்க இங்க வர்றாங்கன்னு வெச்சுக்குங்க. விருந்தாளிக்குப் புதுத்துணி தரணும். ஒரு சட்டை தைங்க, டெய்லரே.”

சொக்கலிங்கம் துணியை விரித்தார். சாக்பீஸால் இரண்டு கை வரைந்தார். அழித்தார். நாலு வரைந்தார். கழுத்துக்கு எங்கே வெட்டுவது? மேலேயா, நடுவிலா? கத்திரியை எடுப்பார், வைப்பார், எழுந்து நடப்பார்.

திரும்பப் போனார்.

“அளவாவது சொல்லுங்கம்மா.”

“ஆளே வரலியே.”

பௌர்ணமி வந்தது. மடித்த துணியை அப்படியே அம்மாள் முன்னால் வைத்தார்.

“வெட்ட முடியலம்மா. எங்க கோடு போட்டாலும் என் உடம்புதான் வருது. நான் ஊருக்கே போயிடறேன். கும்பிட முடியாதவனுக்கு மடத்துல என்ன வேலை?”

“போகலாம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. மரத்தடி வேலையை முடிச்சுட்டுப் போங்க. துணி வேற தேடாதீங்க, இதையே எடுத்துக்குங்க.”

வேப்பமரத்தடியில் முழங்கால் உயரக் கல், அதுதான் அம்மன். வெள்ளிக் கண்மலர்கூட வைக்காத வெறும் கல். சொக்கலிங்கம் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். மஞ்சள் தடவினார். துணியை உதறி, கொசுவி, சுற்றி, முடிச்சுப் போட்டார். கை தானாகச் செய்தது.

பின்னாலிருந்து அம்மாள் கேட்டார்.

“கழுத்து எங்கேன்னு கேக்கலியே, டெய்லரே?”

முடிச்சின் மேலேயே அவர் கை நின்றுவிட்டது.

கண்ணை மூடினார். ஒரு முகமும் வரவில்லை.

பேச ஆரம்பித்தார்.

நீங்களும் எங்கேயாவது பிள்ளை பார்க்கப் போனால், யார் ஜாடை என்று தேடுவதற்கு முன்னால், ஒரு தடவை சும்மா பாருங்கள்.