மூட்டத்துக்குப் பயந்த டிரோன்

"என் டிரோன் பயப்படுது டீச்சர்" என்றார் ரங்கதுரை. "அதோட பயத்தைப் போக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

எஸ்தர் டீச்சர் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதைக் கண்டு பயப்படுது?"

"பனிமூட்டத்தைக் கண்டு."

"நல்ல மிஷின்" என்றாள்.

ரங்கதுரைக்கு வயது ஐம்பத்திரண்டு. கோத்தகிரியில் முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர். டீச்சருக்கு முப்பத்தொன்று. முறைப்படி பார்த்தால் அவர்தான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆனால் டிரோன் என்று ஒன்று வந்து, ஊரிலுள்ள போட்டோகிராபர்களை எல்லாம் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் டிரோன் சொல்லித்தர அவள் ஒருத்திதான். அவளைப் பற்றி ஒரு குறை உண்டு. பறக்கவிடுகிற நாளைவிடப் பறக்கவிடாத நாள்தான் அதிகம். மூட்டம் இறங்கிவிட்டால் பாடம் கிடையாது, டீ மட்டும்தான். 'டீ டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முன்னால் சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது.

அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. எப்படி ஆச்சு என்று கேட்டால், "கத்துக்கிட்டேன்" என்பாள். அதற்குமேல் பேச்சு ஓடாது.

ரங்கதுரை ஸ்வெட்டருக்குள் கையை விட்டு எதையோ நகர்த்தி வைத்துக்கொண்டார். டிரோன் பேட்டரிகள். குளிரில் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் உயிரை விட்டுவிடும், உடம்புச் சூட்டில் வையுங்கள் என்று டீச்சர்தான் முதல் நாள் சொல்லித்தந்தாள். அன்றிலிருந்து மனிதர் மூன்று பேட்டரியையும் அடைகாக்கிற கோழி மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிகிறார். இந்த ஒரு பாடத்தில் அவர் நூற்றுக்கு நூறு.

"என்ன பண்ணுது, சொல்லுங்கண்ணா."

"மேல ஏறுது. மூட்டம் வந்ததும் அப்படியே நின்னுக்குது. முன்னாடி தள்ளினா போகமாட்டேங்குது. ஸ்க்ரீன்ல செவப்பா கோடு வருது. எதிர்ல தடை, எதிர்ல தடைன்னு கத்துது. எதிர்ல ஒண்ணுமே இல்ல டீச்சர். வெறும் மூட்டம். செவுரு நிக்குதுன்னு நினைச்சுக்குது."

"கண்ணு தெரியல. தெரியலன்னு சொல்லுது."

"அந்தக் கண்ணை, அந்த சென்சாரை ஆஃப் பண்ணிட்டா?"

டீச்சர் ஆற்றுவதை நிறுத்தினாள்.

"போகும்."

"அதான் வேணும். செட்டிங்ஸ்ல எங்கயோ இருக்குதாம், எனக்குத் தட்டுப்படல. அதை மட்டும் காட்டிக் குடுத்தீங்கன்னா போதும்."

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

ரங்கதுரை சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம். மலைமேல் முருகன் கோவிலில் காலை ஏழரைக்கு முகூர்த்தம். அந்த நேரத்தில் கோவில் படிக்கட்டு மூட்டத்தில் முங்கிக் கிடக்கும். பெண் அதற்குள்ளிருந்து படியேறி வருவதை மேலேயிருந்து எடுக்க வேண்டும்.

"மேகத்துக்குள்ளேர்ந்து நான் வர்ற மாதிரி எடுங்க மாமான்னு ஒரு மாசமா சொல்லிட்டிருக்கா. நானும் சரின்னுட்டேன். தாய்மாமன் டீச்சர். ஊருக்கெல்லாம் எடுத்துட்டு அவளுக்கு எடுக்கலன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க நிப்பேன்?"

"படியில எத்தனை பேர் இருப்பாங்க?"

"எரநூறு பேர் இருக்கும். சின்னப் புள்ளைங்க பூத்தட்டு எடுத்துட்டு முன்னாடி வருவாங்க."

"மூட்டத்துல மிஷின் எங்கயாவது மாட்டிக்கிட்டா?"

"திரும்பி வர்ற பட்டன் இருக்குல்ல? அமுக்கினா கெளம்புன எடத்துக்கே வந்து எறங்கிடும்."

"எங்கேர்ந்து கெளப்புவீங்க?"

"அடிப்படிலேர்ந்து. அங்கதான் சமமா இருக்கு."

"அது திரும்பி வர்றப்ப அடிப்படில யாரு நிப்பாங்க?"

ரங்கதுரை ஸ்வெட்டருக்குள் பேட்டரிகளைச் சரிசெய்துகொண்டார்.

"உங்களுக்குப் பயமா இல்லையாண்ணா?"

"எனக்கென்ன பயம்? மிஷின்தானே மேல போகுது. நான் கீழதானே நிக்கிறேன்."

டீச்சர் டீயை அவர் கையில் கொடுத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால்.

"குடிங்க. குடிச்சிட்டுக் கீழ நின்னு பாக்கலாம்."

வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அன்றைக்கு அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. முதல் வரிசைச் செடிகள் தெரிந்தன. இரண்டாவது வரிசையைக் காணோம்.

"மிஷினைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார்.

"ரிமோட்டு."

அதையும் கொடுத்தார்.

"நேரா உள்ள போங்க. சிந்துஜா நிக்கிற எடம்னு நினைச்சு ஒரு எடத்துல நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் வரக்கூடாது."

"கண்ணை ஆஃப் பண்ணிட்டா விடப்போறீங்க டீச்சர்?"

"நீங்க கேட்டது அதுதானே?"

ரங்கதுரை சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார்.

பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஏதோ சாயலாகத் தெரிந்தாள். இன்னும் பத்தடி. டீச்சரும் இல்லை, வீடும் இல்லை. தன் செருப்பே அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

பின்னால் ரிமோட் 'பீப்' என்றது. அதை முடுக்கினால் வருகிற சத்தம்.

"நின்னுட்டேன் டீச்சர்!"

தேயிலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கோ ஒரு பறவை ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது.

அப்புறம் அந்த ரீங்காரம் எழுந்தது.

முதலில் இடதுபுறம் கேட்டது. தலையைத் திருப்பினார். வெள்ளை. வலதுபுறம் கேட்டது. அங்கேயும் வெள்ளை. மேலே பார்த்தார். மேல் எது, பக்கம் எது என்றே தெரியவில்லை.

சத்தம் கூடியது.

போன வருடம் ஒரு மண்டப வாசலில் அவருடைய டிரோன் வாழைமரத்தில் மோதியது. இலையை நார் நாராகக் கிழித்துப் போட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இப்போது அந்த இலைதான் ஞாபகத்துக்கு வந்தது. இறக்கை ஒவ்வொன்றும் எவ்வளவு கூர்மை என்று விரலால் தடவிப் பார்த்தவர் அவர்.

"டீச்சர், கொஞ்சம் உயரமா விடுங்க!"

சத்தம் குறைந்தது. அப்பாடா என்று மூச்சை விட்டார். விட்ட மூச்சு முடிவதற்குள் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால்.

ரங்கதுரை குனிந்தார். கையால் தலையை மூடிக்கொண்டார். கை போனால் எப்படிப் படம் எடுப்பது என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டார். கண் போனால் என்று தோன்றியது. மறுபடி மூடிக்கொண்டார்.

ஓடலாம். எந்தப் பக்கம் ஓடுவது? அதை நோக்கியே ஓடினால்?

அவளுக்கும் இவரைக் கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ரீனில் அவளுக்கு வெள்ளைதான் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, அவர் எங்கே நிற்கிறார் என்றும் தெரியாது. அந்த மிஷினுக்கோ கண்ணே கிடையாது. யாருக்கும் எதுவும் தெரியாமல், கத்தி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"டீச்சர்! போதும்!"

குரல் மூட்டத்திலேயே அமுங்கிப்போனது.

இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்தார். ஈர மண் வாயில் ஒட்டியது. முப்பது வருடமாக இஸ்திரி கலையாமல் போய்வந்த மனிதர். பேட்டரி தீரட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டார். இருபத்தைந்து நிமிடம், அதற்குமேல் தாங்காது, தீர்ந்துவிடும். தீர்ந்தால் இறங்கும். எங்கே இறங்கும்? எங்கே வேண்டுமானாலும் இறங்கும். தலைமேலும் இறங்கும்.

உள்ளங்கையை நெஞ்சின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். வெட்கத்தை எல்லாம் விட்டுவிட்டு அழுதார்.

சத்தம் சட்டென்று நின்றது.

அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். நின்றுவிட்டது என்றால் விழுகிறது என்று அர்த்தம். கண்களை இறுக மூடிக்கொண்டு காத்துக்கிடந்தார். எதுவும் விழவில்லை. விழாமல் இருக்கிற ஒவ்வொரு நொடியும் இன்னும் விழப்போகிறது என்றே இருந்தது.

"வாங்கண்ணா" என்று டீச்சரின் குரல் கேட்டது.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை. குரல் வந்த பக்கமாகத் தவழ்ந்தார். அதுவும் பாதி வழி வரைக்கும். அப்புறம் செடியைப் பிடித்து எழுந்து வந்தார்.

டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள். டிரோன் அவள் காலடியில், வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. இறக்கைகள் மடித்தபடியே இருந்தன. அவற்றின்மேல் பனி கோத்திருந்தது.

"எங்க எறக்குனீங்க?"

டீச்சர் குனிந்து மிஷினை எடுத்தாள். திருப்பி அவரிடம் காட்டினாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ரங்கதுரை ஸ்வெட்டருக்குள் கையை விட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் வெதுவெதுப்பாக இருந்தன.

"அப்ப அந்தச் சத்தம்?"

"எதிர்ச் சரிவுல தேயிலை கவாத்து. மிஷின் வெச்சு வெட்டறாங்க. டெய்லி ஒம்போதரைக்கு ஆரம்பிப்பாங்க."

ரங்கதுரை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் மண். முதலில் கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடக் கடவுளே! பேட்டரிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, இல்லாத மிஷினுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? புரிஞ்சுபோச்சு டீச்சர், புரிஞ்சுபோச்சு. பயம்ங்கிறது நம்ம மனசுலதான் இருக்கு. வெளிய ஒண்ணுமே கிடையாது. ஞாயித்துக்கிழமை தைரியமா விட்டுடறேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. அவருடைய ரிமோட்டில் எதையோ திறந்தாள். மடங்காத இரண்டு விரல்களால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்க தேடுனது இங்க இருக்கு. இதை அமுக்கினா கண்ணு ஆஃப் ஆயிடும்."

ரிமோட்டை அவர் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு பேட்டரி உங்க நெஞ்சுல இருந்துச்சு" என்றாள். "ஞாயித்துக்கிழமை எங்க இருக்கும்?"

வீட்டுக்குள் போய் டீ டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூட்டம் சிந்துஜா கேட்டதற்கு மேலேயே இறங்கியிருந்தது.

"பட்டு வேட்டிக்கு மேல ஸ்வெட்டரா? கல்யாணத்துக்கு வந்தியா, காவலுக்கு வந்தியா?" என்று தங்கச்சி வசந்தி திட்டினாள். ரங்கதுரை காதில் வாங்கவில்லை.

அடிப்படி வேண்டாம் என்று முடிவுசெய்து மேல்படிக்கு வந்திருந்தார். டிரோன் தரையில் இருந்தது. பேட்டரியை மாட்டினார். ரிமோட்டை முடுக்கினார், 'பீப்' என்றது. சந்தனம் வைத்த விரல் டீச்சர் காட்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் நின்றது.

கீழேயிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. பெண் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

படிக்கட்டில் நாலாவது படிக்குக் கீழே வெள்ளை. அதற்குள்ளே எங்கேயோ பிள்ளைகள் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருக்கிற மாதிரியும் இருந்தது, தூரத்தில் இருக்கிற மாதிரியும் இருந்தது. எந்தப் படியில் எந்தப் பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது.

"தட்டைச் சாய்க்காதடி, பூ விழுது" என்றது ஒரு சின்னக் குரல்.

ரங்கதுரையின் வாயில் மண் ருசித்தது.

விரலை எடுத்தார். குனிந்தார். பேட்டரியைக் கழற்றி, துடைத்து, ஸ்வெட்டருக்குள் நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டார்.

பூத்தட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியாகச் சிந்துஜா வந்தாள். புடவை ஓரமெல்லாம் நனைந்திருந்தது. மேல்படியில் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. மாமாவைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"ஏன் மாமா, பறக்கலயா?"

"இல்லடா கண்ணு. பயப்படுது."

"எது, மிஷினா?"

ரங்கதுரை ஸ்வெட்டர்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அதுவும்தான்" என்றார்.