அடிக்குறிப்பில் அழுத ராணி

புதுச்சேரி வாத்தியார் முசே சவரிராயனுக்குப் பொறுமை என்றைக்கும் கொஞ்சம்தான். அன்று காலை, காப்பியை வாயில் வைப்பதற்குள் அமலோர் வந்து நின்றார். அந்தக் கொஞ்சமும் போயிற்று.

அமலோருக்கு ஐம்பது வயது. பன்னிரண்டு வருஷமாக முசேயிடம் கிரேக்கமும் பிரெஞ்சும் படிக்கிறவர். பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியிருந்தார். சனிக்கிழமை மேடையேற்றம். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தவர் கையில் ஏழு புத்தகங்கள். அதே நாடகத்தின் ஏழு பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள்.

“முசே, ஒரே ஒரு இடம்தான்.”

“பன்னிரண்டு வருஷமா ஒரே ஒரு இடம்தான். சொல்லித் தொலையும்.”

“மகன் பிணத்தைப் பார்த்து ராணி கதறுகிறாள். கிரேக்கத்தில் வெறும் ஓலம். பிரெஞ்சில் இவர் ‘எலாஸ்’ என்று பெருமூச்சு விடுகிறார். இவர் மூன்று புள்ளி வைக்கிறார். இவர் அடிக்குறிப்பில், ‘இங்கே ராணி அழுகிறாள்’ என்கிறார்.”

“அடிக்குறிப்பில் அழுகிறாளா? அடக்கமான பொம்பளை.”

“தமிழில் என்ன போடுவது, முசே?”

“ராணி வேஷம் யார்?”

“மீன் விற்கிற செசிலியம்மா. போன ஐப்பசியில் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். ஒத்திகையில் அவர் பாட்டுக்கு ஏதோ கத்தினார். பிரதியில் இல்லையே என்று நிறுத்தினேன்.”

முசே டம்ளரைக் கீழே வைத்தார்.

“நிறுத்தினீர்?”

“ஏழு பேரில் ஒருவர்கூட அப்படி எழுதவில்லையே! அந்தம்மா எழுந்து போய்விட்டார். இனி வரமாட்டாராம். சரியான சொல்லோடு போனால்தான் கூப்பிட முடியும். அவர் இல்லாமல் நாடகமே இல்லை.”

“புத்தகத்தையெல்லாம் இப்படிக் கொடும்.”

கொடுத்தார். முசே ஏழையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இருப்பதிலேயே தடித்தது அடியில். மார்பு உயரத்துக்குத் தூக்கினார். அமலோரின் வெறுங்காலை ஒரு பார்வை பார்த்தார்.

கையை விட்டார்.

அமலோர் அலறிய அலறல் தெருக்கோடிவரை போயிற்று. பாதத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

முசே ஆறிப்போன காப்பியைக் கையில் எடுத்தார்.

“இந்த அலறலை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர், ஐயா?”

அமலோர் புத்தகங்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே செசிலியம்மா வீட்டுப் பக்கம் நடந்தார்.