நாலாவது ஆணி

குரு என்றால் தாடி இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? வேலூரில் இருந்த இந்த குருவுக்குத் தாடி கிடையாது, ஸ்கூட்டர் உண்டு. பெயர் தமயந்தி. வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது தொழில். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவளுக்கு வாய்த்த சீடர் சற்குணத்துக்கோ ஐம்பத்துமூன்று.

சற்குணம் பாதி ஆயுளைப் பட்டுக்கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகளுக்குச் சேலை கட்டியே கழித்தவர். இனிமேல் உயிருள்ள மனுஷர்கள் இருக்கிற இடத்தை அலங்கரிக்கிறேன் என்று வேலையை விட்டுவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தார். கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

தனியாக ஒரு வீட்டை முடித்துக் காட்டினால் போர்டில் தன் பேருக்குப் பக்கத்தில் அவர் பேரும் ஏறும் என்று ஒருநாள் தமயந்தி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. பேர் ஏறியதும் முதல் வேலையாகப் பட்டுக்கடைக்காரர்களை அழைத்து வந்து போர்டுக்கு அடியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வந்து வாய்த்தது நெல்சன் வீடு. நெல்சன் கொஞ்ச காலம் சுவீடனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே குடியிருந்த வீட்டின் படத்தை செல்போனில் காட்டி, இதே மாதிரி ஸ்காண்டிநேவியன் முறையில் வேண்டும் என்றார். சற்குணம் அச்சுப் பிசகாமல் செய்து கொடுத்தார். சுவரெல்லாம் வெள்ளை. வெளிர் மரத்தில் மேஜை. சாம்பல் நிற சோபா, அதன்மேல் ஆட்டுத்தோல் மாதிரி புசுபுசுவென்று ஒரு விரிப்பு. அலமாரியில் மெழுகுவத்திகள். எல்லாவற்றுக்கும் மேலே, மேற்குச் சுவரை இடித்து, திரை எதுவும் இல்லாமல், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறோம் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள்.

படம் எடுக்கிற அன்றைக்கு மத்தியானம், எதற்கும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போனார் சற்குணம். போய்ப் பார்த்தால், அந்த ஜன்னலை மூடி, கருநீலத்தில் கட்டம் போட்ட ஒரு போர்வை! நெல்சனின் மனைவி ரூபவதி தானே ஸ்டூல் போட்டு ஏறி, அந்த வெள்ளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். மூன்று மூலைக்குத்தான் ஆணி இருந்தது; மேல் மூலை ஒன்று மட்டும் ஆணி இல்லாமல் சரிந்து தொங்கியது. தன் பேரும் போர்டிலிருந்து அப்படியே சரிந்து தொங்குவதாக அவருக்குத் தோன்றியது.

மூச்சு வாங்க குருவிடம் ஓடி வந்தார்.

“டீச்சர், அந்தப் போர்வையை எப்படிக் கழட்ட வைக்கிறது?”

தமயந்தி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். சற்குணம் பின்னால் ஏறிக்கொண்டார்.

சோபாவில் யாரும் இல்லை; சரிந்த மூலை வழியாக வெயில் அதன்மேல்தான் விழுந்தது. நெல்சனும் ரூபவதியும் தரையில் பாய் விரித்து, போர்வையின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நெல்சனின் சட்டையில் ஒரு கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தது. போர்வை வருவதற்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் டிவி பார்த்தாராம். அலமாரியில் ஒரு மெழுகுவத்தி, வெயிலில் இளகி, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதுபோல வளைந்து நின்றது. சற்குணம் அதை நிமிர்த்திப் பார்த்தார். அது மறுபடியும் வணக்கம் சொன்னது.

தமயந்தியும் பாயில் உட்கார்ந்தாள். சற்குணமும் உட்கார வேண்டியதாயிற்று. ரூபவதி மோர் கொடுத்தாள்.

“சுவீடன்ல அவ்வளவு பெரிய ஜன்னலை வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணினீங்க?” என்று கேட்டாள் தமயந்தி.

நெல்சனுக்கு அந்த ஊர்ப் பேச்சென்றால் வெல்லம். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தலையைக் காட்டிவிட்டு உடனே ஓடிவிடுமாம். வருகிற கொஞ்ச வெளிச்சமும் வீணாகக் கூடாது என்றுதான் சுவரெல்லாம் வெள்ளையாம். வீட்டுக்கார அம்மா ஒருத்தி, தரையில் வெயில் விழுகிற இடம் பார்த்து நாற்காலியைப் போடுவாளாம். வெயில் நகர நகர அவளும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கூடவே நகர்வாளாம்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சரிந்த மூலை வழியாக வந்த வெயில் பாயின் ஓரத்தைத் தொட்டது. நெல்சன் பேச்சை நிறுத்தவில்லை. பாயை மட்டும் நிழல் பக்கமாக இழுத்தார். ரூபவதி மோர்ச் சொம்போடு நகர்ந்தாள். தமயந்தி நகர்ந்தாள். சற்குணமும் நகர்ந்தார். நகர்ந்தவர், நெல்சனின் கையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். அப்புறம் போர்வை மூடிய அந்த ஜன்னலைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையின் போட்டோகிராபர் வந்து சேர்ந்தார். நாலா பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் படம் பளிச்சென்று வரும் என்றார். ரூபவதிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும், அண்ணன் கஷ்டப்பட்டுச் செய்த வீடாயிற்றே, இன்றைக்கு ஒருநாள் கழட்டிக்கொள்ளட்டும் என்று மெல்லச் சொன்னாள்.

சற்குணம் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏறினார். ஒரு தடவை தன் வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

“அம்மா, ஒரு ஆணியும் சுத்தியலும் கொடுங்க” என்றார்.

சரிந்து கிடந்த மூலையைத் தூக்கிப் பிடித்து, ஓங்கி அடித்தார். வீட்டுக்குள் இருந்த கடைசி வெயிலும் வெளியே போயிற்று. நெல்சன் எழுந்து போய், குடிவந்த பிறகு முதல் தடவையாகச் சாயங்கால வேளையில் தன் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்தார். ரூபவதி சிரித்துவிட்டாள்.

போட்டோகிராபர் தலையைச் சொறிந்தார். ஸ்காண்டிநேவியன் வீடு என்று சொல்லித்தானே அனுப்பினார்கள், படத்துக்குக் கீழே இப்போது என்ன எழுதுவது என்று கேட்டார். சற்குணம் ஸ்டூலில் நின்றபடியே குருவைப் பார்த்தார்.

“அப்படியே எழுதுங்க தம்பி,” என்றாள் தமயந்தி. “அந்த ஊர்க்காரங்க அவங்க ஊர் வெயிலுக்குத் தக்கபடி வீட்டைச் செஞ்சாங்க. அவங்க மாதிரி இந்த வீட்டுல செஞ்சது அந்தப் போர்வை ஒண்ணுதான். அலங்காரம் யாருன்னு கேட்டா, முதல் மூணு ஆணி ரூபவதி, நாலாவது ஆணி சற்குணம்னு போடுங்க.”