கனம் பொருந்திய கரடி மிதந்த கதை

ஏரியின் நடுவில் ஒரு புற்றுமேடு. அதன் உச்சியில் மூன்று முயல்குட்டிகள் ஒண்டிக்கொண்டிருந்தன. மழைவெள்ளம் நாலா பக்கமும் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடு முங்கிவிடும்.

தாய் முயல் கரையிலிருந்த கரடியிடம் ஓடியது. அந்தக் காட்டில் கரடியைக் "கனம் பொருந்திய" என்ற அடைமொழி இல்லாமல் யாரும் கூப்பிடக் கூடாது. பட்டத்துக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே என்று, அவரும் நாளெல்லாம் தேன் குடித்து உடம்பை வளர்த்து வைத்திருந்தார்.

"கனம் ஐயா! அதோ விழுந்து கிடக்கே கல்யாணமுருங்கை அடிமரம், அதைத் தண்ணியில தள்ளிவிடச் சொல்லுங்க. நான் அதுல ஏறிப் போய் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்!"

தள்ளுவதற்குக் காட்டுப்பன்றிகள் தயாராக நின்றன. ஆனால் கரடியின் உத்தரவு இல்லாமல் அவை முதுகைக்கூடச் சொறிந்துகொள்ளாது.

"பதறாதே அம்மா," என்றார் கரடி. "கனமானது மூழ்கும். லேசானது மிதக்கும். முதலில் எடை பார்ப்போம்!"

பிள்ளைகள் முங்கப் போகும் நேரத்தில் எடை பார்ப்பதல்லவா நல்ல நிர்வாகம்!

ஆலங்கிளையில் கொடி கட்டித் தராசு தயாரானது. விளாங்காய்தான் எடைக்கல். அடிமரம் முப்பது விளாங்காய் எடை இருந்தது. பக்கத்தில் கிடந்த ஒரு கருங்காலித் துண்டையும் நிறுத்தார்கள். பதினொரு விளாங்காய்தான்!

"பார்த்தாயா? கருங்காலிதான் லேசு! அதில் ஏறிப் போ!"

"ஆகா! கனம் ஐயா வாயைத் திறந்தாலே கணக்குதான்!" என்றது நரி. அவர் வாயைத் திறக்காதபோதும் அது இதையேதான் சொல்லும்.

முயல் கருங்காலியில் ஏறவில்லை. அவசரமாகப் பேசியது.

"ஐயா, பாரத்தை மட்டும் பார்த்தா எப்படி? அது அடைக்கிற இடத்தையும் பாருங்க. இந்தத் துண்டு மாதிரி பத்துத் துண்டு அந்த அடிமரத்துல அடங்கும், அளந்துட்டேன். முப்பதைப் பத்தால வகுத்தா ஒரு துண்டுக்கு மூணு விளாங்காய்தான். கருங்காலியோ ஒரே துண்டுல பதினொண்ணு!"

"சரி, அதனால் என்ன?"

"இந்தத் துண்டு கச்சிதமா நுழையற மூங்கில் குழாய் ஒண்ணு இருக்கு. அது நிறையத் தண்ணி பிடிச்சா, தண்ணி மட்டும் பத்து விளாங்காய். அடிமரத்துக்கு மூணுதான், அது பத்தைவிடக் கம்மி, மிதக்கும். கருங்காலிக்குப் பதினொண்ணு, அது பத்தைவிட அதிகம், முங்கிடும். மரத்தைத் தள்ளச் சொல்லுங்க ஐயா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன்!"

கரடிக்கு மூக்கு சிவந்தது. "கனத்தைப் பற்றி எனக்கே பாடமா? என் பெயரிலேயே கனம் இருக்கிறது! இதோ, நானே மிதந்து காட்டுகிறேன்!"

கருங்காலித் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏரியில் குதித்தார்.

துண்டு அவர் கையிலிருந்து நழுவி, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் அடிக்குப் போய்விட்டது. கரடிக்கு உயிர் பதறியது.

"ஐயோ, மூழ்குகிறேன்! டேய் பன்றிகளா, அந்த மரத்தைத் தள்ளுங்கடா!"

"அது முப்பது விளாங்காய் ஆச்சே ஐயா, முங்கிடாதா?" என்று பணிவோடு கேட்டது ஒரு பன்றி.

"கேள்வி கேட்காதே! தள்ளு!"

உத்தரவு வந்தாயிற்று. அடிமரம் உருண்டு விழுந்து அழகாக மிதந்தது. முயல் ஒரே தாவில் அதன் மேல் ஏறி, பின்னங்கால்களால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேட்டை நோக்கி விரைந்தது.

"ஏய், மரம் எனக்கு!"

"உங்களுக்கு எதுக்கு ஐயா மரம்? நீங்கதான் தானாவே மிதக்கறீங்களே!" என்றது முயல்.

கரடி குனிந்து பார்த்தார். உண்மைதான். தேன் குடித்து வளர்ந்த தொப்பை, சுரைக்குடுக்கை போல மேலே நின்றது. அவ்வளவு கொழுப்பு அவ்வளவு சுலபத்தில் மூழ்குமா?

முயல் போய்ச் சேரும்போது தண்ணீர் குட்டிகளின் முன்னங்கால்களை நனைத்துவிட்டிருந்தது. மூன்றும் ஒவ்வொன்றாய் மரத்தில் தாவின. தாய் முயல் அவற்றைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. குட்டிகளை நக்கிக் காயவைப்பதற்கே அதற்கு நேரம் சரியாக இருந்தது.

கரடியும் ஒருவழியாகக் கரை ஒதுங்கினார்.

"கனம் ஐயா மிதந்துட்டாரே!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டது நரி.

"மிதந்தேனா? நானா? என்னைப் பார்த்தால் லேசானவன் மாதிரியா தெரிகிறது?" என்று உறுமினார் கரடி. "இந்த ஏரித் தண்ணீர்தான் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கிறது!"

அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சரியான வார்த்தை அதுதான். அவர் உடம்பு அடைக்கிற இடத்தில் தண்ணீரை நிரப்பினால், தண்ணீர்தான் அவரைவிடக் கனம். சொன்னவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

பாரத்தை மட்டும் பார்ப்பவன் பட்டத்துக்கு மயங்குவான். எவ்வளவு இடத்துக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்ப்பவனே எதையும், எவரையும் சரியாக எடை போடுவான்.