உடைய வேண்டிய இடம்

தெய்வசிகாமணி பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, திருச்சியில் மெகருன்னிசாவின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியைக்கு வயது முப்பத்தேழு.

காரணம் அவர் மனைவி பொற்கொடி. புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து கட்டியோடு இதயத்தையும் தாக்கியது. பிறகு அதே மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழ்களில் அடைத்து ஏற்றினார்கள். குமிழ்கள் இதயத்தை அதிகம் தொடாமல் கட்டியில் போய்த் தங்கின. பொற்கொடி பிழைத்தாள்.

"அந்தக் குமிழைச் செய்யக் கத்துக்கணும் மேடம்." சேர்ந்த அன்று அவர் கேட்டது அது ஒன்றுதான்.

நாலு மாதம் அவர் செய்த குமிழ்களெல்லாம் கசிந்தன. கசிகிற ஒவ்வொரு துளியும் யாரோ ஒருத்தியின் இதயத்தில் விழுவதுபோல் அவருக்கு வலித்தது. கொழுப்பின் சேர்மானத்தை மாற்றிச் சுவரைக் கெட்டியாக்கினார். ஐந்தாம் மாதம் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"ஜெயிச்சுட்டேன் மேடம்."

மெகருன்னிசா குமிழ்களை எடுத்து, புற்றுச் செல்கள் வளரும் தட்டில் விட்டார். இரண்டு நாள் கழித்து அவரை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்.

செல்கள் செழிப்பாக இருந்தன.

"மருந்து போய்ச் சேரலையா?"

"சேர்ந்துடுச்சு சார். உங்க குமிழ்தான் அதை வெளிய விடல."

தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வழியில உடையக் கூடாது. போன இடத்துல உடையணும். இடம் வந்துடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிக்குள்ள அமிலப் புளிப்பு ஜாஸ்தி. புளிப்புல இளகுற கொழுப்பைச் சேருங்க."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எத்தனையோ முறை குமிழ் கெட்டது. மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள் நுண்ணோக்கியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. செல்கள் சுருங்கிக் கிடந்தன.

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பொற்கொடிக்குள்ள போன குமிழெல்லாம் இப்ப எங்க இருக்கும் மேடம்?"

"வெறும் கொழுப்புதானே சார். மருந்தைக் கொடுத்துட்டு அவங்க உடம்போட கலந்திருக்கும்."

"அப்ப நான் யாருக்கு நன்றி சொல்றது?"

மெகருன்னிசா கையுறைகளைக் கழற்றினார்.

"இன்னைக்கு உங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது யாரு?"

"அவதான்."

"அவங்ககிட்டயே சொல்லுங்க."